கொத்தனார் சென்ற பின்: வீட்டுத் தோட்டத்து மண்ணைச் சீர்செய்தல்

புதைந்து கிடக்கும் குழாயை மாற்றுவதற்கோ, சுவருக்குப் புதுப் பூச்சு இடுவதற்கோ வீட்டில் வேலை தொடங்கினால், முதலில் பாழாவது தோட்டமேயாகும். சாரம் கட்டுதல், மணல் குவித்தல், கலவை குழைத்தல் யாவும் பாத்திகளின் மீதே நிகழ்கின்றன. வேலை முடிந்ததும் வீட்டார் இடிபாடுகளை ஓரளவு வாரிவிட்டு, மேலே ஒரு வண்டி மண்ணைப் பரப்பிப் புதுச்செடிகளை நட்டுவிடுகின்றனர். இரண்டே மாதங்களில் இலைகள் வெளிறுகின்றன. உரம் போதவில்லை எனக் கருதி மேலும் உரமிடுகின்றனர். குறை உரத்தில் இல்லை. அடியிலுள்ள மண்ணில் உள்ளது.

நல்ல தோட்டமண்ணின் கன அளவில் ஏறத்தாழப் பாதி, நீரும் காற்றும் தங்கும் நுண்ணிய இடைவெளிகளாகும். ஆட்களின் நடமாட்டமும் செங்கற் குவியலின் பாரமும் இவற்றை நசுக்கிவிடுகின்றன. மண் ஈரமாக இருந்தபொழுது மிதிபட்டிருப்பின் கேடு இன்னும் மிகுதி. 30 செ.மீ. ஆழமான குழி ஒன்றைத் தோண்டி நீர் நிரப்பிப் பார்க்கலாம். மறுநாளும் நீர் தேங்கி நின்றால், அம்மண்ணில் வேர்களுக்குப் பிராணவாயு கிட்டாது என்பது தெளிவு.

இரண்டாவது கேடு சிமெண்டும் சுண்ணாம்பும். நீர்பட்ட சிமெண்டு கடுமையான காரத்தன்மை உடையது. நாளடைவில் காற்றிலுள்ள கரியமிலவாயு பட்டு அதன் கடுமை தணியுமாயினும், சுண்ணாம்பு மண்ணிலேயே தங்கிவிடும். தில்லி போன்ற வட இந்திய நகரங்களில் இது பெருந்தொல்லையாகும். கங்கை - யமுனைச் சமவெளியின் வண்டல் மண் பல இடங்களில் இயல்பாகவே காரச்சார்புடையது. அதன் அடிமண்ணில் ‘கங்கர்’ எனப்படும் சுண்ணாம்புக் கட்டிகளும் காணப்படுகின்றன. குழாய்க்காகத் தோண்டும்போது இவ்வடிமண் மேலே வந்து, வளமான மேல்மண் கீழே போய்விடுகிறது. (வேலை இன்னும் தொடங்காதோர் இவ்விரண்டையும் தனித்தனியே குவிக்கச் செய்தால் பாதித் துன்பம் குறையும்.) சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேர்களால் அதை எளிதில் உறிஞ்ச இயலாது. இளந்தளிர்கள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்பது இதன் அறிகுறி. லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து இலைகளில் தெளித்தால் தற்காலிகமாகப் பசுமை திரும்பும். நோயின் மூலம் நீங்காது.

ஜிப்சம் இட்டால் சரியாகும் என்பது பலரின் எண்ணம். அது சோடியம் மிகுந்த உவர்மண்ணுக்கு உரிய மருந்து. சுண்ணாம்பை அது அகற்றாது. கந்தகத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மெல்ல அமிலமாக மாற்றும் என்பது உண்மையே. ஆயினும் கலவைக் கட்டிகள் நிறைந்த மண்ணில் சில கைப்பிடிக் கந்தகம் என் செய்யும்? ஆதலால் கலவை குழைத்த இடத்தின் வெளிறிய மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து வெளியேற்றுவதே முதல் வேலை.

அவ்வாறு எடுக்கும்போது பழைய வர்ணப்பூச்சின் செதில்கள் தென்படுகின்றனவா என்றும் நோக்குதல் வேண்டும். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருத்தல் கூடும். வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மிகலாகாது என்னும் இந்திய விதி 2016-இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயம் மக்கி அழிவதில்லை. செதில் விழுந்த இடத்தில் கீரையும் கிழங்கும் பயிரிடலாகாது. குழந்தைகளை அங்கு மண்ணில் விளையாட விடுவதும் தகாது.

அடுத்து மண்ணைத் தளர்த்த வேண்டும். ஒரு பிடி மண்ணை உருண்டையாக்கி விரலால் தட்டினால் அது உதிர வேண்டும்; பிசுபிசுத்தால் சில நாட்கள் பொறுத்தல் நலம். 20 முதல் 30 செ.மீ. வரை கொத்தி, மக்கிய எருவைத் தாராளமாகக் கலந்து, ஜூன் இறுதியில் மழை தொடங்கியதும் தக்கைப்பூண்டு விதைக்கலாம். காரமண்ணையும் ஈரத்தையும் தாங்கும் பயிர் அது. சுமார் 45 நாட்களில், பூக்குமுன், மடக்கி உழுது மண்ணில் புதைத்துவிட்டால், அக்டோபரில் குளிர்காலக் காய்கறிகளுக்கு நிலம் பதமாகிவிடும். ஒரு பருவம் வீணாயிற்றே என்று வருந்துவோர், அவசரப்பட்டு நட்டவர்கள் இரண்டு மூன்று பருவங்களை இழப்பதைக் கண்டிருக்க மாட்டார்கள்.

முதிர்ந்த மரங்களின் நிலை வேறு. கொய்யா, எலுமிச்சை முதலியவற்றின் உணவு உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவியிருப்பதால், அவற்றினடியில் ஆழமாகக் கொத்தலாகாது. கிழிந்த வேர்முனைகளைக் கூரிய கத்தியால் நறுக்கிவிட்டு, அடிமரத்தை மூடியுள்ள மண்ணை விலக்கி, சருகுகளைத் தண்டில் படாமல் பரப்பினால் போதும். வேரறுந்த மரம் வாடத் தொடங்குவதற்கு ஓரிரு ஆண்டுகள்கூட ஆகலாம். ஆகையால் அவ்விரு கோடைகளிலும் அதற்கு நீர் தவறாமல் பாய்ச்சி வருதல் வேண்டும்.