கருவறை ஹீமோகுளோபின் கைகொடுக்கிறது

அரிவாள் செல் சோகையோடு பிறக்கும் குழந்தையிடம் முதல் சில மாதங்களுக்கு நோயின் சுவடே தெரியாது. பால் குடிக்கும், சிரிக்கும், எடை கூடும். ஆறு மாதத்தை ஒட்டித்தான் கையும் காலும் வீங்கத் தொடங்கும். தொட்டாலே வீறிட்டு அழும். மரபணுக் கோளாறு கருவிலேயே இருக்கிறது. நோய் மட்டும் ஏன் தாமதமாகத் தலைகாட்டுகிறது?

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பணியாற்றிய மருத்துவர் ஜேனட் வாட்சன் 1948-இல் இதற்கு ஒரு விடை சொன்னார். பச்சிளங்குழந்தைகளின் ரத்தத்தில் அரிவாள் வடிவச் செல்கள் மிகக் குறைவாக இருப்பதை அவர் கவனித்திருந்தார். கருவில் இருக்கும்போது சுரக்கும் வேறுவகை ஹீமோகுளோபின்தான் அவர்களைக் காக்கிறது என்பது அவர் ஊகம். 75 ஆண்டுகள் கழித்து, 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்த, கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரிப்பு நுட்பத்தில் உருவான உலகின் முதல் மருந்தான ‘கேஸ்ஜெவி’, அந்த ஊகத்தின் மேல்தான் எழுந்து நிற்கிறது.

ஓர் எழுத்துப் பிழை

ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் அடைந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு ஆல்பா இழைகள், இரண்டு பீட்டா இழைகள். பீட்டா இழை 146 அமினோ அமிலங்களால் ஆனது. அதன் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். டிஎன்ஏவில் ‘ஏ’ என்ற ஓர் எழுத்து ‘டி’ ஆகிவிட்டால் அங்கே வாலின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துவிடும்.

குளூட்டாமிக் அமிலம் மின்சுமை உள்ளது, தண்ணீரோடு ஒத்துப்போகும். வாலினுக்குத் தண்ணீர் ஆகாது. ஒதுங்க இடம் தேடும். ஹீமோகுளோபின் தன்னிடமுள்ள ஆக்சிஜனைத் திசுக்களுக்குக் கொடுத்ததும் அதன் உருவம் சற்று மாறி, ஒரு பக்கத்தில் சிறு குழி திறக்கிறது. சட்டைப் பித்தான் காஜாவுக்குள் நுழைவதுபோல, பக்கத்து மூலக்கூறின் வாலின் அந்தக் குழிக்குள் நுழைந்துகொள்கிறது. இப்படியே ஒன்றோடொன்று கோத்து நீண்ட விறைப்பான இழைகளாகிவிடுகின்றன. உள்ளே வளரும் இழைகளின் நெருக்கத்தில் வட்டமான செல் அரிவாளாக வளைகிறது, நுண்குழாய்களில் சிக்கி ரத்த ஓட்டத்தை மறிக்கிறது. இந்த நோயின் தாங்க முடியாத வலி இங்கிருந்துதான் வருகிறது. 120 நாள் வாழவேண்டிய சிவப்பணு 10, 20 நாளில் சிதைந்துபோவதால் சோகையும் சேர்ந்துகொள்கிறது.

கரு ஹீமோகுளோபினில் பீட்டா இழை கிடையாது. அந்த இடத்தில் காமா இழை இருக்கும். அது இந்தக் கோவையில் சேராது, பக்கத்தில் இருப்பவை சேர்வதையும் தடுக்கும். பிறந்த சில மாதங்களில் உடல் காமா உற்பத்தியைக் குறைத்து பீட்டாவுக்கு மாறுகிறது. அதுவரை பதுங்கியிருந்த நோய் அப்போது வெளியே வருகிறது.

அணைத்தது யார்?

காமா மரபணு எங்கும் போய்விடுவதில்லை, அணைக்கப்பட்டுக் கிடக்கிறது. அணைப்பது யார் என்பது வெகுகாலம் புரியாமலே இருந்தது. வளர்ந்த பிறகும் கரு ஹீமோகுளோபின் அதிகம் சுரக்கும் சிலர் உண்டு. சார்டீனியா தீவு மக்கள் உள்ளிட்டோரின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டபோது, 2008-ஐ ஒட்டி, பிசிஎல்11ஏ என்ற மரபணு கவனத்துக்கு வந்தது. அதை அடக்கினால் காமா விழித்துக்கொள்கிறது என்று ஹார்வர்டில் விஜய் சங்கரனும் ஸ்டூவர்ட் ஆர்க்கினும் ஆய்வகத்தில் காட்டினார்கள்.

ஆனால் அந்த மரபணுவை அடியோடு அழிக்க முடியாது. மூளை வளர்ச்சிக்கும் நோய் எதிர்ப்புச் செல்களுக்கும் அது தேவை. 2013-இல் இதற்கும் வழி பிறந்தது. பிசிஎல்11ஏ மரபணுவுக்குள்ளேயே, சிவப்பணுவாக மாறப்போகும் செல்களில் மட்டும் அதன் உற்பத்தியைத் தூண்டும் ஒரு சிறு பகுதி இருப்பது தெரிந்தது. அதை வெட்டினால் ரத்தத்தில் மட்டும் பிசிஎல்11ஏ குறையும். மற்ற இடங்களில் வேலை வழக்கம்போல நடக்கும். வெட்டுவதற்கு வேண்டிய கிரிஸ்பர்-கேஸ்9 கத்தரியை ஜெனிபர் டவுட்னாவும் இமானுவேல் சார்பென்டியேவும் 2012-லேயே தந்திருந்தார்கள். அதற்காக 2020-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, கேஸ்ஜெவி பிழையான எழுத்தைத் திருத்துவதே இல்லை. பிழை அப்படியே இருக்கிறது. உடல் ஓரங்கட்டிய பழைய ஹீமோகுளோபினை மீண்டும் வேலைக்கு அழைக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்காவின் மிசிசிப்பியைச் சேர்ந்த நோயாளி விக்டோரியா கிரே 2019-இல் இந்தச் சிகிச்சையை ஏற்றார். அனுமதிக்கு ஆதாரமான பரிசோதனையில், போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்கு ஓராண்டாவது கடும் வலித் தாக்குதல் வரவில்லை.

மருந்து இருக்கிறது, எட்டவில்லை

சிகிச்சை எளிதானதல்ல. நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து, வெளியே கத்தரித்து, திரும்பச் செலுத்த வேண்டும். அதற்குமுன் எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பழைய செல்களை புசல்ஃபான் என்ற கீமோ மருந்தால் அழித்தாக வேண்டும். குழந்தைப்பேறே பாதிக்கப்படலாம். மருத்துவமனையில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது மருந்தின் விலை மட்டும் 22 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 18 கோடி ரூபாய்.

இந்த நோய் நமக்கு அயலானதல்ல. லேமன், கட்புஷ் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1952-இல் நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் மரபணு இருப்பதைப் பதிவு செய்தார்கள். மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புத் தருவதால், மலேரியா மிகுந்த காட்டுப்பகுதிகளில் இந்த மரபணு தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது. இந்திய நோயாளிகள் பலரிடம் இயல்பிலேயே கரு ஹீமோகுளோபின் சற்றுக் கூடுதலாக இருப்பதும் கண்டறியப்பட்டுள்ளது. கேஸ்ஜெவி செய்வதை இயற்கை இங்கே அரைகுறையாகச் செய்துவைத்திருக்கிறது.

மத்திய அரசு 2023 ஜூலையில் தொடங்கிய ஒழிப்புத் திட்டம், தமிழகம் உட்பட 17 மாநிலங்களில் 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. வேலூர் சிஎம்சி ஆய்வாளர்கள், காமா மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஒற்றை எழுத்தை மாற்றி அதை விழிக்கவைக்கும் முறையை ஆராய்கிறார்கள். அதே வேலூரில், ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு அவர்களுடைய ஸ்டெம் செல்களை எடுத்து மரபணு சேர்த்துத் திருப்பிச் செலுத்திய முடிவுகள் 2024-இல் வெளியாயின. இந்த வகைச் சிகிச்சையை இங்கேயே செய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

அடுத்த பாய்ச்சல், செல்களை வெளியே எடுக்காமல் உடலுக்குள்ளேயே திருத்துவது. 2025-இல் பிலடெல்பியாவில் ஒரு கைக்குழந்தையின் கல்லீரல் மரபணுவை, கொழுப்புத் துகள்களில் ஏற்றி அனுப்பிய மருந்தால் திருத்தினார்கள். கல்லீரலை எட்டுவது எளிது, எலும்பு மஜ்ஜையை எட்டுவது கடினம். அது கைகூடினால் கீமோவும் வேண்டாம், விலையும் இறங்கக்கூடும்.

அதுவரை கையில் இருப்பது ஹைட்ராக்சியூரியா என்ற மலிவான மாத்திரை. அதுவும் கரு ஹீமோகுளோபினைத்தான் கூட்டுகிறது. 18 கோடி ரூபாய் மருந்தும் இந்த மாத்திரையும் தட்டுவது ஒரே கதவைத்தான். குழந்தை பிறந்த கையோடு பரிசோதித்து, மாத்திரை தடையில்லாமல் மலைக்கிராமம் வரை போய்ச் சேருவதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. ஆய்வகம் தன் பங்கைச் செய்துவிட்டது. மீதி ஆரம்ப சுகாதார நிலையத்தின் கையில் இருக்கிறது.