பழைய கணனியை எறிய முன்

பொருளாதாரத் தடை இருந்த 1990களில், பெற்றோல் கிடைக்கவில்லை என்பதற்காக எம்மவர் மோட்டார் சைக்கிளையும் நீரிறைக்கும் இயந்திரத்தையும் எறிந்துவிடவில்லை. ஒரு சொட்டுப் பெற்றோலை ஊதி இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகை கக்கியது, ஆனாலும் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது. உடையார்கட்டில் சில வீடுகளின் மூலையில் துணி போர்த்துக் கிடக்கும் கணனிகளைக் காணும்போது அந்த நாட்களே நினைவுக்கு வருகின்றன.

அண்மையில் ஒரு தாய் அப்படியான ஒரு மடிக்கணனியைக் கொண்டுவந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த தம்பி மருமகளின் படிப்புக்கென விட்டுச்சென்றது. பட்டணத்தில் காட்டியபோது, "இது இனி உதவாது, புதிசு வாங்குங்கோ" என்று சொல்லிவிட்டார்களாம். "ஃபாதர், எங்கட காணிப் பெர்மிற்றின்ர படமும் இதுக்குள்ளதான் இருக்கு" என்றார்.

அந்த இயந்திரத்தில் பழுது எதுவுமில்லை. கணனியை இயக்கும் அடிப்படை மென்பொருளைப் பணிசெயல் முறைமை என்பர். அதில் காலத்துக்குக் காலம் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும். திருடர் நுழையுமுன் தயாரிப்பாளர் அவற்றை அடைத்து அனுப்புவதே இற்றைப்படுத்தல், அதாவது 'அப்டேற்'. 2015இல் வெளியான விண்டோஸ் 10க்கு இந்த இலவச வேலையை மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்தியது. வீட்டுப் பாவனையாளர் பதிவு செய்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் எனவும் அறிவித்தது. அடுத்ததான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், இன்ரெல் ஆயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியையும் கேட்கிறது. ஆகவே 2017க்கு முன் செய்யப்பட்ட நல்ல இயந்திரங்கள் பலவும் வாசலிலேயே நிறுத்தப்பட்டுவிட்டன. குறுக்கு வழியில் அதை ஏற்றித் தருவோரும் உளர். ஆனால் அப்படி ஏற்றியதற்குத் திருத்தங்கள் தொடர்ந்து வருமென நிறுவனம் உறுதி தருவதில்லை. களவாகப் படியெடுத்த விண்டோஸ் அதைவிட மோசம். அதற்குள் வேறு என்ன புகுத்தப்பட்டிருக்கிறது என்பதை யார் அறிவார்? வங்கிக் கணக்கைத் திறக்கும் கணனியில் அதை ஏற்ற விடாதீர்கள்.

நேர்மையான வழி ஒன்று உண்டு. லினக்ஸ் என்பது உலகெங்குமுள்ள பலர் கூடி வளர்க்கும் இலவசப் பணிசெயல் முறைமை. கேரளத்து அரச பாடசாலைகளில் இலட்சக்கணக்கான கணனிகள் அதிலேயே இயங்குகின்றன. அதில் பல வகைகள் உள்ளன. 4 ஜிபி நினைவகம் இருந்தால் லினக்ஸ் மின்ற்றின் 'எக்ஸ்எவ்சிஈ' பதிப்புப் போதும். 2 ஜிபி மட்டுமே இருந்தால் லுபுந்துவைப் பார்க்கலாம்; ஆனால் இணையத்தில் ஒரே நேரத்தில் பல பக்கங்களைத் திறந்தால் மூச்சு வாங்கும். மிகப் பழைய 32 பிற் கணனிகளுக்கு வழி ஒடுங்கி வருகிறது. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13 அவற்றில் புதிதாக நிறுவத் தரப்படவில்லை. அத்தகையதற்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்பதே என் எண்ணம்.

லினக்ஸை ஒரு யுஎஸ்பி பென்னில் ஏற்றி, கணனியில் எதையும் மாற்றாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைபை, ஒலி, பிறின்ரர் எல்லாம் வேலை செய்கின்றனவா எனப் பார்த்த பின்னரே நிறுவுங்கள். இறக்க வேண்டிய கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. ஒவ்வொருவரும் டேற்றாவுக்குக் காசு கொட்டாமல் ஒருவர் இறக்கி மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது.

இனிச் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள். நிறுவும்போது, 'வன்தட்டு முழுவதையும் அழித்து நிறுவவா?' என்ற பொருளில் ஒரு கேள்வி வரும். அதற்கு ஆம் என்றால் உள்ளேயிருப்பவை யாவும் போய்விடும். 2009இல் இந்த மண்ணைவிட்டு நடந்தபோது எத்தனை குடும்பங்கள் அல்பங்களையும் பிறப்புச் சான்றிதழ்களையும் இழந்தன என்பது உங்களுக்குத் தெரியும். பிறகு தேடிச் சேர்த்து ஸ்கான் செய்தவை அந்தக் கணனியில்தான் இருக்கக்கூடும். முதலில் அவற்றை இரண்டு பென்களில் படியெடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். படியெடுத்தவை திறக்கின்றனவா என வேறொரு கணனியில் பார்த்த பின்னரே வேலையைத் தொடங்குங்கள்.

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள் லினக்ஸில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். விண்டோஸிலிருக்கும் பாமினி எழுத்துருக் கோப்பையும் சேர்த்துப் படியெடுத்து நிறுவினால் அவை தமிழாகிவிடும். ஒருங்குறியில் தட்டச்சு செய்ய ரெங்கநாதன் விசைப்பலகையும் தமிழ்99உம் கிடைக்கின்றன. வேர்ட்டுக்குப் பதிலாக லிப்ரே ஒபிஸ் இருக்கும். பாடசாலையில் வேர்ட் படிக்கும் பிள்ளைக்குப் பட்டியல்கள் இடம்மாறித் தெரியும் என்பது உண்மையே. விண்டோஸுக்கென்றே செய்த கணக்கு மென்பொருள் வைத்திருக்கும் கடைக்காரருக்கு இந்த வழி பொருந்தாது.

செலவழிக்க மனமிருந்தால் பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். வேறெதிலும் இவ்வளவு வித்தியாசம் தெரியாது. திகதி அடிக்கடி பின்னுக்குப் போனால் பல இணையத்தளங்கள் பாதுகாப்பில்லை என்று கூறித் திறக்க மறுக்கும். பிழை இணையத்தில் இல்லை. உள்ளேயிருக்கும் நாணயம் போன்ற சிறு பற்றரி இறந்திருக்கும். அநேக கணனிகளில் அது சிஆர்2032.

அந்தத் தாயின் மடிக்கணனியில் 4 ஜிபி நினைவகம் இருந்தது. மின்ற் ஏற்றினோம். திறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கிறது. மகள் அதில்தான் படிக்கிறாள். பெர்மிற்றின் படம் உள்ள பென்களில் ஒன்று விசுவமடுவில் தமக்கை வீட்டில் இருக்கிறது.