மருந்து பழகிப்போகுமா?

"இப்பவே மார்ஃபின் கொடுத்துட்டா, கடைசியிலே எது கேட்கும் டாக்டர்?" புற்றுநோயாளியை அழைத்து வரும் உறவினர்கள் எந்த ஊரிலும் கேட்கும் கேள்விதான். நாகர்கோவில், திருநெல்வேலி பக்கத்திலிருந்தும் நோயாளிகள் நாடிச் செல்லும் திருவனந்தபுரத்திலும் இதே பயம்தான்.

பயம் முழுக்கப் பொய்யல்ல. ஒரு மருந்து திரும்பத் திரும்ப உள்ளே போனால், அதை ஏற்கும் செல்களின் வாசல்கள் மந்தமாகின்றன; சில மூடிக்கொள்கின்றன. மூக்கடைப்புக்கான சொட்டு மருந்து சில நாளில் கைவிடுவது இதனால்தான்; இதய நோயாளிகள் நைட்ரேட் பட்டையைத் தினமும் சில மணி நேரம் கழற்றி வைப்பதும் மருந்து பழகிப்போகாமல் இருக்கத்தான்.

ஆனால், மார்ஃபின் விஷயத்தில் உடம்பு பழகுவதில் நன்மையும் உண்டு. ஆரம்பத்தில் வரும் தூக்கக் கலக்கமும் குமட்டலும் சில நாளிலேயே அடங்கிவிடுகின்றன. மலச்சிக்கல் மட்டும் போகாது. முதல் நாளே பேதி மருந்தையும் சேர்த்து எழுத வேண்டும். வலி அடங்காமல் அளவைக் கூட்டும்போது, பெரும்பாலும் காரணம் மருந்து தோற்றதல்ல, கட்டி வளர்ந்தது. பாரசிட்டமாலைப் போல இதற்கு இத்தனை மில்லிகிராம்தான் என்ற உச்சவரம்பு கிடையாது. டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகக் கூட்டலாம். போதாவிட்டால் அதே இனத்தில் வேறு மருந்துக்கு மாறலாம். கடைசிக் காலத்துக்கென்று சேமித்து வைப்பதில் மிஞ்சுவது இடைப்பட்ட மாதங்களின் வலி மட்டுமே. (நாள்பட்ட முதுகு வலிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அமெரிக்கா பட்ட பாடு தெரிந்ததே.)

பழகிப்போவது வேறு, போதைக்கு அடிமையாவது வேறு. கோழிக்கோட்டில் வீட்டிலிருந்தபடியே மார்ஃபின் மாத்திரை சாப்பிட்ட 1,723 நோயாளிகளைப் பற்றி 2001ல் 'லான்செட்' இதழ் ஆய்வு ஒன்றை வெளியிட்டது. இரண்டு ஆண்டுகளில் மருந்து தவறான கைக்குப் போனதாக ஒரு சம்பவம்கூடக் கண்டறியப்படவில்லை. அதை எழுதியவர்களில் ஒருவர் மயக்க மருந்து நிபுணர் எம்.ஆர்.ராஜகோபால். 1993ல் கோழிக்கோட்டில் வலி நிவாரண சேவையைத் தொடங்கியவர்களில் ஒருவரான இவர், 2003ல் திருவனந்தபுரத்தில் 'பேலியம் இந்தியா'வை நிறுவினார். வலி தணிப்பு சிகிச்சைக்கென கேரள அரசு தனிக் கொள்கை கொண்டுவந்தது 2008ல்.

அவர்கள் போராட வேண்டியிருந்தது நோயோடு மட்டுமல்ல. 1985ல் வந்த போதைப் பொருள் தடைச் சட்டத்தின் கெடுபிடியில் மருந்துக் கடைகளும் ஆஸ்பத்திரிகளும் மார்ஃபினையே கைகழுவின. அபினைச் சட்டப்படி விளைவித்து ஏற்றுமதி செய்யும் இந்த நாட்டில், 1997ல் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் மொத்தமே சுமார் 18 கிலோ. 2014ல்தான் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, பல லைசென்ஸ்களுக்குப் பதில் ஒரே அனுமதி போதும் என்றாக்கியது. ஆனால், அதற்குள் மார்ஃபின் சீட்டு எழுதியே பழக்கமில்லாத ஒரு தலைமுறை டாக்டர்கள் படித்து முடித்து வெளியே வந்துவிட்டிருந்தார்கள்.