காதில் பாயும் நாராசம்

பத்து ஹாரன்கள் ஒரே நேரத்தில் அலறினாலும், வாத்தியங்கள் சுருதி சேராமல் ஒலித்தாலும் ஆங்கிலத்தில் ‘கக்காஃபனி’ என்பார்கள். பூர்வீகம் கிரேக்கம். ‘ககோஸ்’ என்றால் கெட்டது. ‘ஃபோனே’ என்றால் குரல், ஒலி. டெலிபோனில் இருப்பதும் இதே ஃபோனேதான். பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. நம்முடைய ‘நாராசம்’ இன்னும் காரமானது. அதன் பழைய பொருள் இரும்பு அம்பு, இரும்புச் சலாகை. கிரேக்கச் சொல் ஒலியைக் குறை சொல்கிறது. நாராசமோ காது படும் பாட்டைச் சொல்கிறது. அறிவியல் பேசுவதும் காதுக்குள் நடப்பதைப் பற்றித்தான்.

ஒலி கூடினால் நாராசம் என்று சொல்லிவிட முடியாது. இடி எவ்வளவு பெரிய சத்தம்! பல் கூசுவதில்லை. கரும்பலகையில் நகம் மெல்லக் கீறினாலே மயிர் கூச்செறிகிறது.

சுரங்கள் சேராமல் ஒலிப்பது காதை ஏன் உறுத்துகிறது என்பதற்கு முதலில் தெளிவான விளக்கம் தந்தவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1863இல். 440 ஹெர்ட்ஸ், 444 ஹெர்ட்ஸ் என இரண்டு சுரங்களைச் சேர்த்து ஒலித்தால், ஓசை நொடிக்கு 4 முறை ஏறி இறங்கும். பள்ளிப் பாடத்தில் விம்மல் என்று படித்தோமே, அதுதான். வீணைக்குச் சுருதி சேர்ப்பவர் காதைத் தீட்டிக் கேட்பதும் இதையே. வித்தியாசம் 30 ஹெர்ட்ஸை நெருங்கும்போது விம்மலைத் தனித்தனியாகப் பிரித்தறிய முடியாது. வெறும் சொரசொரப்புதான் மிஞ்சும். உள்காதில் சுருண்டிருக்கும் காக்ளியாவில், அந்த இரண்டு சுரங்களும் சவ்வின் ஒரே பகுதியைப் பிடித்து ஆட்டுவதுதான் காரணம். சுரங்கள் போதிய அளவு விலகிவிட்டால் ஆளுக்கொரு இடம் கிடைத்துவிடும், உரசல் அடங்கும்.

மனித அலறலிலும் இதே சொரசொரப்பு உண்டு. சாதாரணப் பேச்சின் ஓசை நொடிக்கு 4, 5 முறை ஏறி இறங்குகிறது. அலறலிலோ 30 முதல் 150 முறை வரை. லூக் ஆர்னல், டேவிட் பொப்பல் குழுவினர் 2015இல் இதை அளந்தார்கள். அபாய மணிகளும் இதே எல்லைக்குள் வருகின்றன. மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவை இந்த ஒலிகள் உசுப்பிவிடுகின்றன.

கரும்பலகை விஷயத்துக்கு வருவோம். 1986இல் ஹால்பர்ன், பிளேக், ஹில்லன்பிராண்ட் ஆகிய மூவர், தோட்டவேலைக்கான முப்பல் கருவியால் கற்பலகையைக் கீறிப் பதிவு செய்தார்கள். கீச்சென்ற உச்ச அதிர்வெண்களை வடிகட்டியும் கூச்சம் போகவில்லை. இடைப்பட்டவற்றை நீக்கிய பிறகே ஒலி பொறுக்கும்படி ஆனது. நம் செவிக்குழாய் சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளம். அதனால் 3,000 ஹெர்ட்ஸ் வாக்கில் உள்ள ஒலிகளை அது தானாகவே பெருக்கித் தருகிறது. நகக்கீறல் வசமாக அங்கே மாட்டிக்கொள்கிறது.

இந்த ஒலி குரங்குகளின் எச்சரிக்கைக் குரலை ஒத்திருக்கிறது, ஆகவே இது மூதாதையர் தந்த பயம் என்றும் அவர்கள் ஊகித்தார்கள். சுவையான கதைதான். ஆனால் 2004இல் டாமரின் குரங்குகளுக்குக் கீறல் ஒலியையும் வெற்று இரைச்சலையும் போட்டுப் பார்த்தபோது, இரண்டுக்கும் அவை வித்தியாசம் காட்டவில்லை. மனிதர்கள்தான் கீறலை விட்டு ஓடினார்கள்.

2011இல் வெளியான இன்னொரு ஆய்வில், சிலரிடம் மட்டும் இந்தக் கீறலை நவீன இசைத் துணுக்கு என்று சொல்லி வைத்தார்கள். அவர்கள் அதை அவ்வளவு மோசமில்லை என்று மதிப்பிட்டார்கள். ஆனால் உடலின் பதற்றத்தைக் காட்டும் தோலின் மின்கடத்து திறன் என்னவோ இரு தரப்புக்கும் மாறத்தான் செய்தது.