‘இன்னொரு ரவுண்டு’ ஆசையை அடக்கும் மாத்திரை... எலிகள் காட்டிய வழி!

“நாளையிலிருந்து தொடவே மாட்டேன்!”

குடிநோயாளி இருக்கும் வீட்டில் இந்தச் சத்தியத்தைக் கேட்காத மனைவியோ, பிள்ளையோ இருக்க முடியாது. சொல்லும்போது அவர் உண்மையாகத்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் நாலு நாளில் சத்தியம் உடைந்துவிடும். ‘மனசு வெச்சா விட முடியாதா?’ என்று ஊர் கேட்கும். அந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி, ஆய்வுக்கூட எலிகளிடமிருந்து கிடைத்தது.

கூண்டுக்குள் இரண்டு பாட்டில்

குடி பற்றிய விலங்கு ஆய்வுகளில் அடிக்கடி வரும் ஏற்பாடு இது. எலியின் கூண்டில் இரண்டு பாட்டில்கள் இருக்கும். ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் மது கலந்த தண்ணீர். எதைக் குடிப்பது என்பது எலியின் இஷ்டம். எந்தப் பாட்டிலில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் அளப்பார்கள்.

1980-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் வோல்பிசெல்லி என்பவர் இப்படி ஆய்வு செய்தார். எலிகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். கஷ்டத்தை மறக்கத்தான் குடிக்கிறார்கள் என்றால், அதிர்ச்சி தரும் நாள்களில்தானே எலிகள் அதிகம் குடிக்க வேண்டும்? நடந்தது வேறு. கஷ்டம் முடிந்த பிறகுதான் அவை மதுப் பாட்டிலை அதிகம் தேடிப் போயின. வேலை நேரத்தில் தாக்குப்பிடித்துவிட்டு, சாயங்காலம் கடையைத் தேடிப் போகும் மனிதரைப் போல!

இதற்கு வோல்பிசெல்லி சொன்ன விளக்கம்: வலியும் நெருக்கடியும் இருக்கும்போது மூளை தானாகவே எண்டார்ஃபின் என்ற இதம் தரும் ரசாயனத்தைச் சுரக்கிறது. நெருக்கடி தீர்ந்ததும் அது வடிந்துவிடுகிறது. மது மூளையில் மீண்டும் எண்டார்ஃபினைத் தூண்டுவதால், அந்தக் குறையை ஈடுகட்டத்தான் எலி மதுவைத் தேடுகிறது.

பூட்டில் நுழைந்த போலிச் சாவி

அப்படியென்றால், எண்டார்ஃபின் வேலை செய்யும் இடத்தை அடைத்துவிட்டால்? அதற்கான மருந்து ஏற்கெனவே இருந்தது. ஹெராயின் போன்ற போதைப்பொருள்களுக்கு அடிமையானவர்களுக்காக 1984-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நால்ட்ரெக்ஸோன். பூட்டுக்குள் நுழைந்தும் திறக்காத போலிச் சாவியைப் போன்றது இது. தானும் இதம் தராது. எண்டார்ஃபினையும் உள்ளே விடாது.

மதுவைத் தாமாகவே எடுத்துக்கொள்ளப் பழகிய ரீசஸ் குரங்குகளுக்கு இதைக் கொடுத்தபோது, அவை எடுத்துக்கொள்ளும் அளவு குறைந்தது என்று 1980-லேயே ஓர் ஆய்வு வெளியாகியிருந்தது. வோல்பிசெல்லியின் எலிகளிடமும், அதிர்ச்சிக்குப் பிறகு கூடும் குடியை இது தடுத்தது.

அடுத்து மனிதர்கள். குடிக்கு அடிமையான 70 ஆண்களிடம் 12 வாரம் நடந்த சோதனையின் முடிவு 1992-ல் வெளியானது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 54 சதவிகிதம் பேர் பழையபடி குடிக்குத் திரும்பினார்கள். நால்ட்ரெக்ஸோன் பெற்றவர்களில் அது 23 சதவிகிதம்தான்.

இதைவிட முக்கியமான ஒன்றும் தெரிந்தது. சிகிச்சைக்கு இடையில் சபலப்பட்டு மதுவைத் தொட்டவர்களில், வெற்று மாத்திரைக்காரர்கள் 20 பேர். அவர்களில் 19 பேர் மொத்தமாகச் சறுக்கினார்கள். நால்ட்ரெக்ஸோன் பெற்று, மதுவைத் தொட்டவர்கள் 16 பேர். சறுக்கியது 8 பேர்தான். முதல் ரவுண்டு இரண்டாவது ரவுண்டை இழுத்து வருவதைத்தான் மாத்திரை குறைத்தது. 1994-ல் அமெரிக்க அரசு இதைக் குடிநோய்க்கும் அனுமதித்தது.

நிறுத்தி, மீண்டும் தொட்டால்...

டேவிட் சின்க்ளேர் என்ற ஆய்வாளர் 1960-களில் எலிகளிடம் இன்னொன்றைக் கண்டார். மதுவுக்குப் பழகிய எலிகளிடமிருந்து அதைச் சில காலம் நிறுத்தி, பிறகு திரும்பக் கொடுத்தால், அவை முன்பைவிட அதிகமாகக் குடித்தன. மாதக்கணக்கில் தொடாமல் இருந்தவர், ஒரு விசேஷ வீட்டில் ‘ஒண்ணே ஒண்ணு’ என்று ஆரம்பித்து, பழைய கணக்கையும் தாண்டிப் போவதைப் பார்த்த குடும்பங்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஆனால், அது வெறும் திமிர் இல்லை, மூளையின் வேலையும்கூட என்று காட்டியவை எலிகள்தான்.

அதற்காக, எலிக்குப் பலித்ததெல்லாம் மனிதருக்குப் பலிப்பதில்லை. மூளையின் ஒரு மனஅழுத்த ரசாயனத்தைத் தடுக்கும் மருந்துகள் எலிகளின் குடியை நன்றாகக் குறைத்தன. மனிதர்களின் குடி ஏக்கத்தை அவை குறைக்கவில்லை.

இப்போது எல்லோரும் கவனிப்பது செமாக்ளுடைடை. சர்க்கரைநோய்க்கும் உடல் எடைக்கும் தரப்படும் இந்த மருந்து, ஸ்வீடனில் எலிகளின் குடியைப் பாதியாகக் குறைத்ததாக 2023-ல் செய்தி வந்தது. 2025-ல் 48 பேரிடம் நடந்த சிறிய ஆய்வில், குடி ஏக்கம் குறைந்தது தெரிந்தது. ஆனால், குடியை நிறுத்த இதை வாங்கிப் போட்டுக்கொள்வது அவசரம். பெரிய ஆய்வுகளின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும்.

குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

* நால்ட்ரெக்ஸோன் இந்தியாவிலும் மருத்துவர் சீட்டின் பேரில் கிடைக்கிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் தராது. ஆலோசனையும் குடும்பத்தின் துணையும் சேர்ந்தே வேண்டும்.

* கல்லீரல் பாதிப்பு இருந்தாலும், ஓபியாய்டு வகை வலி மருந்துகள் எடுத்தாலும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

* எந்த மாத்திரையையும் சாப்பாட்டில் ரகசியமாகக் கலக்கக் கூடாது. டைசல்ஃபிரம் என்ற பழைய மாத்திரையை எடுத்தது தெரியாமல் ஒருவர் மது குடித்தால், உயிருக்கே ஆபத்தாகலாம்.

* தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும், மனக்குழப்பமும் வரலாம். மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்துவதே பாதுகாப்பு.

* எங்கே போவது என்று தெரியாதவர்கள், 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்து விசாரிக்கலாம்.

சத்தியம் வாங்கி வாங்கிச் சலித்துப்போன வீடுகளுக்கு எலிகள் சொல்வது இதுதான்: அடுத்த முறை அவர் ‘விட்டுடறேன்’ என்று சொன்னால், தலையில் அடித்துச் சத்தியம் வாங்க வேண்டாம். மறுநாள் காலையிலேயே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.