மலை தந்த காட்சி

கம்பம் பள்ளத்தாக்கில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் பண்ணைப்புரம். 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தோன்றியது; எனினும் அதன் ஒளிபரப்பு இவ்வூரை எட்டவில்லை. தொலைக்காட்சி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டிலேயே செல்வன. புவியின் வளைவும் இடைநின்ற மலைகளும் அவற்றைத் தடுத்தன.

பின்னர்க் கொடைக்கானலில் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தது. 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தினின்று அலைகள் தாழ்நிலத்தை அடைந்தன. மக்கள் நெடிய குழாயில் ஆண்டெனாவைப் பொருத்தி, அத்திசை நோக்கித் திருப்பினர். காற்றில் அது விலகினால் படம் புள்ளிகளாய்ச் சிதறும். பாறையில் மோதிய அலை சற்றுப் பிந்தி வந்து சேர்ந்தால், ஓர் உருவம் இரண்டாய்த் தோன்றும். ஆதலின் ஒருவர் கூரைமேல் நின்று திருப்புவார். மற்றவர் கீழிருந்து குரல் கொடுப்பார்.

இன்று ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளினின்று அலைகள் இறங்குகின்றன. ஆயினும், முன்னர்த் தடுத்த மலையே கோபுரத்தைத் தாங்கித் துணைநின்றது மறத்தற்கரியது. காரணம் அறிவார்க்குத் தடையும் கருவியாகும்.