மதியம் ஒன்றரை முதல் இருட்டும் வரை: ஜொகூரில் சிறார் மன்றங்கள்

பள்ளி முடிந்ததிலிருந்து பெற்றோர் வீடு திரும்பும் வரை உள்ள நேரத்தில்தான் ஜொகூரில் சிறார் பாதுகாப்பு பெரும்பாலும் கோட்டை விடப்படுகிறது. காலைப் பிரிவுத் தொடக்கப்பள்ளிகள் மதியம் ஒன்று, ஒன்றரைக்குள் விட்டுவிடுகின்றன. ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய் வட்டாரங்களில் பெற்றோர் பலருக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடப்பவர்கள் இருட்டிய பிறகே வீட்டுக்கு வருகிறார்கள். நடுவில் உள்ள ஆறேழு மணி நேரமும் பிள்ளை அடுக்குமாடி வீட்டில் கைப்பேசியோடு இருக்கும், அல்லது கீழே யாருடனாவது இருக்கும்.

வார விடுமுறையும் இதைச் சிக்கலாக்கியது. 2014 முதல் 2024 முடிய ஜொகூரில் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளியும் சனியுமே விடுமுறை. சிங்கப்பூரிலோ சனி, ஞாயிறு. பிள்ளை வீட்டில் இருக்கும் வெள்ளியன்று பெற்றோர் வேலைக்குப் போனார்கள். பெற்றோர் வீட்டில் இருக்கும் ஞாயிறன்று பிள்ளை பள்ளிக்குப் போனது. 2025 ஜனவரி 1 முதல் மாநில விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறுக்கு மாறியதால் இந்த முரண் தீர்ந்தது. வார நாள்களின் பிற்பகல் மட்டும் அப்படியே இருக்கிறது.

முன்பு தோட்டப்புறத்தில் இந்த இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்கவில்லை. லயம், கோவில், தமிழ்ப்பள்ளி, ஆயாக்கொட்டகை எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தன. பால்மரம் வெட்டப் போனவர்கள் மதியத்துக்குப் பின் திரும்பிவிடுவார்கள். யார் வீட்டுப் பிள்ளை எங்கே நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வாழ்வை ஒரேயடியாகப் புகழவும் முடியாது. குடியும் அடியும் அங்கே இருந்தன; தெரிந்தவரே தீங்கு செய்தபோது ஊர் வாயை மூடிக்கொண்டதும் உண்டு. ஆனாலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தபோது, அந்தக் கண்காணிப்புக்கு மாற்றாக எதுவும் உடனே வரவில்லை.

பிள்ளைகளை மன்றமாகத் திரட்டுவது இவ்வட்டாரத் தமிழருக்குப் புதிதல்ல. 1950களில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு நாளிதழ் மாணவர்களுக்கென மணிமன்ற மலரை வெளியிட்டது. அதில் எழுதிய பிள்ளைகள் வளர்ந்து மலாயாவின் பல ஊர்களில் மணிமன்றங்கள் அமைத்தார்கள். மலேசிய எழுத்தாளர் பலருக்கு அதுவே முதல் பயிற்சிக்களம்.

மலேசியாவில் சிறார் பாதுகாப்புக்கு இன்றைய சட்ட அடிப்படை 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம். 18 வயதுக்குட்பட்ட அனைவரும் இதன்படி சிறார். சமூகநல இலாகாவின் கீழ் குழந்தைப் பாதுகாப்புக் குழுக்கள் அமைய இந்தச் சட்டம் வழி செய்கிறது. இலாகா இக்குழுக்களின் வழியாகவே சிறார் நடவடிக்கை மையங்களை நடத்துகிறது. ஆபத்து கூடுதலான குடியிருப்புகளில் அமையும் இவற்றில் பாட உதவி, நூலகம், விளையாட்டு, பெற்றோருக்கான அறிவுரை ஆகியவை தன்னார்வலர்களைக் கொண்டே நடக்கின்றன. வீட்டுக்கு அருகில் ஒரு மையம் இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது என்பதுதான் வருத்தம்.

பள்ளிக்குள் புறப்பாட நடவடிக்கைகள் இருக்கின்றன: சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு. ஜொகூரின் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகளிலும் பேச்சுப் போட்டி, கதை சொல்லும் போட்டி, கவிதை ஒப்புவித்தல் என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். இதில் ஒரு குறை உண்டு. நன்றாகப் பேசும் பிள்ளையே திரும்பத் திரும்ப மேடை ஏறுகிறது. பரிசு அதற்கு, பயிற்சியும் அதற்கு. வாய் திறக்காத பிள்ளை கைதட்டும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. பாதுகாப்பின் கண்ணோடு பார்த்தால் மன்றம் முதலில் தேட வேண்டியது அந்தப் பிள்ளையைத்தான்.

ஓவியமும் நாடகமும் கைகொடுப்பது இங்கேதான். பள்ளியிலிருந்து வீடு வரையுள்ள வழியைப் பெரிய தாளில் வரையச் சொல்வது பல நாடுகளில் கையாளப்படும் முறை. பிடித்த இடத்துக்கு ஒரு நிறம், பயமான இடத்துக்கு ஒரு நிறம். விளக்கு எரியாத மாடிப்படி, பூட்டிக் கிடக்கும் கடை, ஏற மனம் வராத ஒரு வேன் என்று நேரில் கேட்டால் வராத பதில்கள் நிறமாக வந்து விழும். பத்துத் தாள்களில் ஒரே படிக்கட்டு சிவப்பாக இருந்தால் அடுக்குமாடி நிர்வாகத்திடம் விளக்குக் கேட்க அதுவே சான்று. பொம்மலாட்டத்தில் பிள்ளை தன் கதையைப் பொம்மையின் வாயால் சொல்ல முடியும். நாடகத்தில் “வேண்டாம்” என்று உரக்கச் சொல்லிப் பழகலாம். பெரியவர் சொன்னால் மறுபேச்சுப் பேசக்கூடாது என்று வளர்ந்த பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனால் வரைந்த படத்தைப் பார்த்து முடிவு கட்டிவிடுவது தவறு. கறுப்பு வண்ணம் தீட்டியதெல்லாம் துயரம் என்று ஆகாது. மற்ற வண்ணங்கள் தீர்ந்து போயிருக்கலாம்.

அக்கறை எடுத்து நேரத்தை நிரப்பினால் பலன் உண்டு என்பதற்கு ஐஸ்லாந்து நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 15, 16 வயதினரில் கடந்த ஒரு மாதத்தில் போதை ஏறக் குடித்தவர்கள் 1998இல் 42 விழுக்காடு. 2016இல் 5 விழுக்காடு. விளையாட்டு, இசை, கலை மன்றங்களுக்குப் பண உதவி, பெற்றோர் ஒப்பந்தங்கள், பிள்ளைகள் இரவில் வெளியே இருக்க நேர வரம்பு எல்லாம் சேர்ந்த விளைவு அது. மன்றம் மட்டும் செய்த வேலை அல்ல.

மன்றமே ஆபத்தாகவும் மாறலாம். பிள்ளைகள் கூடும் இடத்தைத் தீய எண்ணம் கொண்டவரும் தேடி வருவார். 2017ஆம் ஆண்டு சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம், பாலியல் நோக்கத்தோடு பிள்ளையை நயமாகப் பேசிப் பழக்குவதையே குற்றமாக்கி, ஐந்தாண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. ஆசிரியர், பயிற்றுநர், பராமரிப்பாளர் போன்று நம்பிக்கைக்குரிய நிலையில் இருப்பவர் குற்றம் செய்தால் தண்டனை மேலும் கூடும். சிறாரோடு வேலை செய்ய வருபவரின் பெயர் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் உள்ளதா என்று சமூகநல இலாகாவிடம் கேட்டுச் சரிபார்க்கலாம். இரண்டு பெரியவர்கள் எப்போதும் இருப்பது, கதவு திறந்திருப்பது, பிள்ளையோடு தனி வாட்சாப் உரையாடல் கூடாது என்பது, யார் வந்து அழைத்துப் போனார் என்று எழுதி வைப்பது ஆகியவை செலவில்லாத விதிகள். சிலம்ப வகுப்புக்கும் உருமி மேளக் குழுவுக்கும் கோவில் தேவார வகுப்புக்கும் இவை பொருந்தும். ‘நம்ம ஆள்தானே’ என்று விதியைத் தளர்த்தும் இடத்தில்தான் பெரும்பாலும் கோளாறு.

ஒரு பிள்ளை வாய் திறந்து சொல்லிவிட்டால், மன்றப் பொறுப்பாளர் துப்பறியக் கூடாது. பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே குறித்துக்கொண்டு, போலீசுக்கோ 24 மணி நேரமும் இயங்கும் தாலியான் காசே 15999 உதவி எண்ணுக்கோ தெரிவிக்க வேண்டும். பாலியல் குற்றம் தெரிந்தும் தகவல் தராதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. குடும்ப மானம், சங்கத்தின் பெயர் என்ற காரணங்களுக்கு இதில் விலக்கு இல்லை. அதன் பிறகு விசாரணை பயிற்சி பெற்ற அதிகாரிகளின் வேலை. 2007ஆம் ஆண்டு சிறார் சாட்சியச் சட்டத்தின்படி, சிறாரின் வாக்குமூலத்தைக் காணொளியில் பதிந்து நீதிமன்றத்தில் முதல் விசாரணைச் சாட்சியமாக அளிக்க முடியும். குறுக்கு விசாரணையின்போதும் குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணில் படாதபடி திரைக்குப் பின்னாலோ நேரலை இணைப்பு வழியாகவோ அந்தப் பிள்ளை பதில் சொல்லலாம்.